குப்த கோதாவரி: முதல்முறை போகிறவர்களுக்கு

சித்ரகூடத்தில் இருக்கும் குப்த கோதாவரி குகைக்கோயிலுக்கு முதல்முறை போனபோது சரிகை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குத்தானே போகிறோம் என்ற நினைப்பு. குகைக்குள் இருபதடி போவதற்குள் வேட்டியின் கீழ்ப்பாதி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது. ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தேன், மறு கையால் பாறையைப் பிடித்தேன். சன்னதிக்கு வந்தபோது கும்பிடக் கை இல்லை. எனக்கு முன்னால் அரைக்கால் சட்டையோடு நின்ற பையன் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, நிதானமாகக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதனால்தான் இந்தக் கட்டுரையை வரலாற்றிலிருந்து தொடங்காமல் காலிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கோயில்களில் கருவறையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். இங்கே கருவறைக்குப் போகும் வழியே ஓடைதான். தண்ணீருக்குள் காலை வைத்தவுடன் தரிசனம் தொடங்கிவிடுகிறது. உடை, நேரம், வரிசை, வேகம் எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

எங்கே இருக்கிறது

சித்ரகூடம் என்றால் நம்மில் பலருக்குத் தில்லை கோவிந்தராஜர் சன்னதி நினைவுக்கு வரும். அதற்கும் திருச்சித்திரகூடம் என்றுதான் பெயர். நாம் பேசுவது வடக்கே, விந்திய மலைச்சரிவில், மந்தாகினி ஆற்றங்கரையில் இருக்கும் ராமாயணச் சித்ரகூடம். 14 ஆண்டு வனவாசத்தில் பதினொன்றரை ஆண்டு இங்கேயே கழிந்தது என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. ஊர் இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. ரயில் நிலையம் உத்தரப் பிரதேசத்தில். குப்த கோதாவரி மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டத்தில். ஆட்டோவில் போகும்போது எந்த இடத்தில் மாநிலம் மாறியது என்றே தெரியாது.

ஊரின் மையமான ராம்காட் படித்துறையிலிருந்து குகைக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர். "ஊருக்குள்ளேதான் இருக்கிறது, நடந்தே போய்விடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

போய்ச் சேரும் வழி

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் காசி, பிரயாகை, அயோத்தி யாத்திரையோடு சித்ரகூடத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பிரயாக்ராஜிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 125 கிலோமீட்டர். காரில் காலையில் கிளம்பினால் முற்பகலில் போய்விடலாம். ஆனால் அதே நாளில் திரும்பும் திட்டத்தோடு போகாதீர்கள். அப்படி வருகிறவர்கள் குகை வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரயிலில் நேராகப் போவதென்றால், சென்னையிலிருந்து சப்ரா போகும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் சத்னா வழியாகவும் மாணிக்பூர் வழியாகவும் போகிறது. இரண்டில் எதில் இறங்கினாலும் சரி. சத்னாவிலிருந்து சித்ரகூடம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர், பஸ்ஸும் டாக்சியும் கிடைக்கும். மாணிக்பூர் அதைவிட அருகில் இருந்தாலும் சிறிய ஊர். நள்ளிரவில் இறங்கும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். ஊருக்கு மிக அருகில் இருக்கும் நிலையத்தின் பெயர் சித்ரகூட்தாம் கர்வி. டிக்கெட் எடுக்கும்போது கர்வி என்ற சொல்லைத் தேடுங்கள்.

ராம்காட்டில் ஆட்டோக்காரர்கள் நான்கைந்து இடங்களை ஒரே சுற்றாகக் காட்டுவதாகச் சொல்லி உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். ஸ்படிக சிலை, சதி அனசூயா ஆசிரமம், குப்த கோதாவரி, அனுமன் தாரை ஆகியவை வழக்கமான பட்டியல். சுற்றில் தவறில்லை. ஏறுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். ஒன்று, முதலில் குப்த கோதாவரிக்குத்தான் போக வேண்டும். இரண்டு, அங்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதைப் பேசாவிட்டால் கடைசி இடமாக, மாலையில், முக்கால் மணி நேரம் மட்டும் உங்களுக்குக் கிடைக்கும்.

எப்போது போவது

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல் தொடங்கிவிட்டால் புந்தேல்கண்ட் என்னும் இந்த வட்டாரத்தின் வெயில் 45 டிகிரிவரை போகும். குகைக்குள் சுகமாக இருந்தாலும் அங்கே போய்ச் சேருவதற்குள் சுருண்டுவிடுவீர்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் மூடுபனியால் வடக்கே ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். அதற்கு ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் குளிர்காலமே எனக்குப் பிடித்தது. காரணம் தண்ணீர். பாறைக்குள் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. வெளியே பல் தந்தியடிக்கும் காலையில் உள்ளே ஓடையில் கால் வைத்தால் வெதுவெதுப்பாகத் தோன்றும். மே மாதத்தில் அதே தண்ணீர் சில்லென்று இருக்கும். தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. நம் உடம்புதான் வேறு வேறு பருவங்களிலிருந்து வருகிறது.

மழைக்காலத்தில் போவதென்றால் ஏமாற்றத்துக்குத் தயாராகப் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் மலையில் பெய்யும் மழை குகை வழியாகத்தான் இறங்குகிறது. வெள்ளம் வந்தால் குகையை அடைத்துவிடுவார்கள். அடைக்காத நாளிலும் தண்ணீர் கலங்கி, வேகமாக வந்தால் உள்ளே போகாதீர்கள். உங்களிடம் வரும் தண்ணீர் எங்கோ மலைமேல் பெய்த மழை. வாசலில் வெயில் அடிப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நாள் பார்ப்பதில் ஒரே விதி: அமாவாசை வேண்டாம். ஒவ்வோர் அமாவாசைக்கும் காமத்கிரி மலையை வலம் வர மக்கள் வந்து குவிகிறார்கள். தீபாவளி அமாவாசையன்று மந்தாகினியில் விளக்கிட வரும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். நம் ஊரில் அமாவாசை நல்ல நாள்தான். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நகர முடிகிற ஈரக் குகைக்கு அது நல்ல நாள் இல்லை.

என்ன உடுத்துவது, எதை எடுத்துக்கொள்வது

ஆண்களுக்கு முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடக்கூடிய தளர்வான பேண்ட், அல்லது மடித்துக் கட்டினால் அவிழாத நாலு முழம். பெண்களுக்குச் சுடிதார் சௌகரியம். அதிலும் கால்பகுதி இறுக்கமாக இருந்தால் மேலே ஏறாது, வீட்டிலேயே சுருட்டிப் பாருங்கள். புடவைதான் என்பவர்கள் சின்னாளப்பட்டியோ சாதாரணப் பருத்தியோ கட்டி, கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். பட்டு வேண்டாம். என் அத்தை ஒருவர் "கோயிலுக்குப் பட்டு உடுத்தாமல் எப்படி?" என்று பிடிவாதமாக நின்றார். வெளியே வந்தபின் ஈரப்பட்டு காலோடு ஒட்டிக்கொள்ள, படிகளில் அவர் இறங்கிய வேகத்தில் எங்கள் ஆட்டோக்காரர் ஒரு தூக்கமே போட்டு முடித்துவிட்டார்.

செருப்பை வெளியே விட வேண்டும். வெறுங்காலில்தான் போகப் போகிறீர்கள். காலில் வெட்டுக்காயமோ பித்தவெடிப்போ இருந்தால் அதற்கான மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிப் போட்டுக்கொள்ளுங்கள். கூட வேண்டியவை ஒரு துண்டு, மாற்று உடை ஒன்று, கைபேசியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, சிறிய டார்ச், பத்து இருபது ரூபாய்த் தாள்கள். உள்ளே சிறு சன்னதிகள்தோறும் தட்சிணை கேட்பார்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி சில்லறைக்குக் காத்திருப்பது நல்ல அனுபவம் இல்லை. பெரிய பையை ஆட்டோவிலோ விடுதியிலோ வைத்துவிடுங்கள். குறுகலான இடத்தில் முதுகுப்பை, உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் மூக்கில்தான் இடிக்கும்.

சித்ரகூடம் முழுக்கக் குரங்குகள் உண்டு. பிரசாதப் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். அவ்வளவுதான்.

முதல் குகை

வண்டி நிற்கும் இடத்திலிருந்து கடைகளைத் தாண்டி, படியேறி மேலே போக வேண்டும். குகைகள் இரண்டு. ஒன்றில் பெரும்பாலும் தரையில் நடக்கலாம், மற்றதில்தான் ஓடை. முதலில் ஈரமில்லாத குகைக்குப் போய்விடுங்கள். நனைந்த காலோடும் சொட்டும் துணியோடும் பாறையில் ஏறினால் உங்களுக்கும் வழுக்கும், பின்னால் வருகிறவர்களுக்கும் வழுக்கும்.

இதன் வாசல் ஓர் ஆள் நுழையும் அளவுதான். கொஞ்சம் பருமனானவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும்; அதற்காகக் கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். உள்ளே போனதும் மண்டபம்போல் விரிந்து, உயர்ந்து நிற்கிறது பாறை. இவ்வளவு சின்ன வாசலுக்குள் இவ்வளவு பெரிய கூடமா என்று எல்லோரும் ஒரு நொடி அண்ணாந்து நின்றுவிடுவார்கள். அந்த நொடியில்தான் வாசலில் நெரிசல் உண்டாகிறது. நாலடி முன்னே போய், ஓரமாக ஒதுங்கி, பிறகு அண்ணாந்து பாருங்கள்.

சீதா குண்டம் இங்கேதான் இருக்கிறது. குண்டம் என்றால் சிறு குளம். கூரையிலிருந்து தொங்கும் ஒரு கரிய பாறையைக் காட்டி "கட்கட்டா சோர்" என்பார்கள். சோர் என்றால் திருடன். நீராடிய சீதையின் ஆடையைத் திருடிய அரக்கனை லட்சுமணன் கல்லாக்கித் தொங்கவிட்டான் என்பது கதை.

ஓடைக் குகை

இதற்காகத்தான் வந்தோம். வரிசையில் நிற்கும்போதே வெளியே வருகிறவர்களின் உடை எதுவரை நனைந்திருக்கிறது என்று கவனியுங்கள். அன்றைய நீர்மட்டத்தை அதைவிடத் துல்லியமாகச் சொல்லும் அளவுகோல் இல்லை. வாயால் கேட்பதென்றால் "பானி கித்னா ஹை?" என்று கேளுங்கள், கையை முழங்காலில் வைத்துக் காட்டுவார்கள். சாதாரண நாளில் முழங்கால் அளவுதான். இடுப்பில் கை வைத்தால், குழந்தைகளோடும் முதியவர்களோடும் வந்தவர்கள் யோசிக்க வேண்டும்.

குகை நீளமானது, குறுகலானது. இரு பக்கமும் பாறைச் சுவர், தரை முழுக்க ஓடை. மின்விளக்கு போட்டிருக்கிறார்கள். நடக்கும் முறை முக்கியம். ஆற்றைக் கடந்து பழகியவர்கள் காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள், தேய்த்து நகர்த்துவார்கள். முன்காலை மெல்ல நகர்த்தி, அடியில் இருப்பது மணலா, கல்லா, பள்ளமா என்று பார்த்து, அது நிலைத்த பிறகுதான் உடல் எடையை அதில் இறக்க வேண்டும். குதிகாலை ஊன்றினால் வழுக்கும். பாதம் முழுவதும் பதிய வேண்டும். ஒரு கை சுவரில் இருக்கட்டும், ஆனால் சுவரை நம்பித் தொங்காதீர்கள், அதுவும் ஈரம்தான். உயரமானவர்கள் பார்வையில் பாதியைக் கூரைக்கும் கொடுக்க வேண்டும். நம் தலை ஒரு தாழ்ந்த பாறையை முட்டிய பிறகுதான் பலருக்கு அந்தப் பாறை தெரிகிறது.

குழந்தையைத் தோளில் உட்காரவைத்து வராதீர்கள். கூரை தாழும் இடத்தில் குனிய முடியாது. இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். முதியவர்களுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பக்கத்தில் நடக்க இடம் இல்லை. பின்னால் இருந்து அவசரப்படுத்துகிறவர்களிடம் "தீரே சலியே" என்று சொன்னால் போதும். மெதுவாகப் போங்கள் என்று பொருள். நான் அதைச் சொல்லும் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே மெதுவாகவும் வருவார்கள்.

உள்ளே சிம்மாசனம்போல இயற்கையாக அமைந்த இரண்டு பாறைகள் இருக்கின்றன. ராமரும் லட்சுமணரும் அங்கே அரசவை நடத்தினார்கள் என்பது ஐதீகம். அவர்களைப் பார்க்கக் கோதாவரியும் ரகசியமாக இங்கே வந்துவிட்டாள். அதனால் குப்த கோதாவரி. குப்தம் என்றால் மறைவு. பின்னால் பஞ்சவடியில், கோதாவரிக் கரையில்தான் ராமர் குடில் போடப்போகிறார். அதுவரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை நான் உள்ளே பாதி தூரத்தில் இருந்தபோது மின்சாரம் போய்விட்டது. என் கையை நானே பார்க்க முடியாத இருட்டு. யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. முன்னால் ஒரு பெரியவர் "ருகியே, ருகியே" என்றார், நில்லுங்கள் என்று. எல்லோரும் நின்றோம். வரிசை நின்றதும் காலடிச் சலசலப்பும் நின்றது. அப்போதுதான் தண்ணீரின் சத்தம் கேட்டது. அதுவரை நாங்கள் எழுப்பிய சத்தத்தையே ஓடையின் சத்தம் என்று எண்ணியிருக்கிறேன். உண்மையான சத்தம் மிகச் சிறியது. கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, கல்லிடுக்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனது. ஒரு நிமிடத்துக்குள் விளக்கு வந்துவிட்டது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது அந்தப் பெரியவர் சொன்னதுதான். நின்ற இடத்தில் நில்லுங்கள், டார்ச்சைத் தண்ணீரை நோக்கிப் பிடியுங்கள், அடுத்தவர் கண்ணில் அடிக்காதீர்கள். மின்சாரம் போகாவிட்டாலும், இடம் கிடைத்தால் ஓரமாக ஒரு நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள்.

தீர்த்தம் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில், வேண்டாம். உங்களுக்கு முன்னால் ஆயிரம் கால்கள் நடந்த தண்ணீர் அது. தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால் சிறு புட்டியில் எடுத்துப் பூஜை அறையில் வையுங்கள். பூ, அகல், சாம்பிராணி எதையும் ஓடையில் விடாதீர்கள். சோப்பு, ஷாம்பு பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஒருவர் பையிலிருந்து எடுப்பதைப் பார்த்த பிறகு சொல்லிவிடுகிறேன்.

யார் உள்ளே போக வேண்டாம்

ஆஸ்துமா, இதயக் கோளாறு, மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்த சில மாதங்கள், அடைத்த இடம் என்றாலே பதற்றம் — இவை உள்ளவர்கள் கூட்ட நாளில் ஓடைக் குகையைத் தவிர்த்துவிடுவது நல்லது. நெரிசலில் உள்ளே காற்று கனத்துவிடும். நடுவில் திரும்பி வரவும் இடமிருக்காது. சக்கர நாற்காலிக்கு வழியில்லை. ஆனால் இவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. குகையின் தண்ணீர் வெளியே குண்டத்துக்கு வருகிறது. அங்கே படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ளலாம். அதே தண்ணீர்தான், கூட்டம் மட்டும் இல்லை.

இதை வைத்து எல்லா நீர்க்குகைகளையும் எடைபோட்டுவிடாதீர்கள். கர்நாடகத்தில் பீதரில் இருக்கும் ஜரணி நரசிம்மர் குகையில் ஏறக்குறைய 300 மீட்டர் தூரம் மார்பளவுத் தண்ணீரில் நடக்க வேண்டும். குப்த கோதாவரியில் முழங்கால் நீரில் தடுமாறியவர்கள் அங்கே போவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

வெளியே வந்த பிறகு

துடைத்துக்கொண்டு உடனே ஆட்டோவுக்கு ஓடாதீர்கள். குண்டத்திலிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். கொஞ்ச தூரத்தில் அது மீண்டும் தரைக்குள் போய் மறைந்துவிடுகிறது. பெயரில் இருக்கும் குப்தம் அங்கேதான் கண்ணுக்குப் புலப்படுகிறது.

காரணம் பாறை. இந்தப் பகுதியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அதை மிக மெதுவாகக் கரைத்துக்கொண்டே போகிறது. வெடிப்பு துளையாகி, துளை குகையாகிறது. அப்படிப்பட்ட நிலத்தில் ஓடை ஓரிடத்தில் வெளிப்படுவதும் இன்னோரிடத்தில் உள்ளே போய்விடுவதும் வழக்கம்.

கோதாவரி நாசிக் அருகே திரியம்பகத்தில் தோன்றி 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. சித்ரகூடத்தின் மந்தாகினியோ யமுனையில் போய்ச் சேருகிறது. நடுவில் விந்தியம், நர்மதை, சாத்பூரா எல்லாம் குறுக்கே கிடக்கின்றன. இதை எங்களோடு வந்த ஒரு பள்ளி ஆசிரியர் படம் போட்டு விளக்கினார். பட்டு உடுத்திய என் அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதனால்தானே ரகசியமாக வந்தாள்" என்றார். ஆசிரியர் நோட்டை மூடிவிட்டார்.

மதியத்துக்குள் இங்கே முடித்துவிட்டால், திரும்பும் வழியில் சதி அனசூயா ஆசிரமத்தையும் ஸ்படிக சிலையையும் பார்க்கலாம். காகாசுரன் சீதையைக் கொத்திய இடமாக ஸ்படிக சிலையைத்தான் காட்டுகிறார்கள். அனுமன் தாரைக்கு நிறையப் படிகள். தண்ணீரில் நடந்து சோர்ந்த கால்களை அன்றே அங்கே இழுத்துக்கொண்டு போகாமல் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போடுங்கள். காமத்கிரி வலம் 5 கிலோமீட்டர், அதுவும் மறுநாளைக்கு. மாலையில் ராம்காட்டில் ஆரத்திக்கு அரை மணி முன்னதாகப் போனால் படித்துறையில் உட்கார இடம் கிடைக்கும். ஈரத்துணியைப் பையிலேயே மறந்துவிடாமல் விடுதிக் கொடியில் போட்டுவிட்டுப் போங்கள். மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும்.